ரீஸ்லிங்: ஒரு திராட்சையின் பூர்வீகமும் அது வேரோடிய பாறைகளும்

ஜெர்மனியில் மெய்ன் ஆறு ரைன் நதியில் கலக்கும் இடத்துக்குச் சற்றுக் கிழக்கே ரூசல்ஸ்ஹைம் என்றோர் ஊர் இருக்கிறது. இன்று ஓப்பல் கார் தொழிற்சாலையைச் சொன்னால்தான் அந்த ஊர் பலருக்கு நினைவுக்கு வரும். 1435 மார்ச் 13ஆம் தேதி, காட்செனெல்ன்போகன் பிரபு நான்காம் யோகானின் கோட்டைக் கணக்கில் அவருடைய காரியஸ்தர் ஒரு செலவை எழுதினார். தோட்டத்துக்கு ரீஸ்லிங் கொடிகள் வாங்கிய வகையில் 22 ஷில்லிங். ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை எழுத்தில் பதிவானதற்கு ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்ளும் முதல் சான்று இந்தச் செலவுக் கணக்குதான்.

ரீஸ்லிங்கைப் பற்றிப் பேசுபவர்கள் அதன் பிறப்பையும், அது வளரும் மண்ணையும் விடாமல் பேசுவார்கள். ஒயின் கடைகளிலும் புட்டிகளின் பின்பக்கத்திலும் ‘சிலேட்டுப் பாறையின் சுவை’, ‘எரிமலை மண்ணின் வீரியம்’ போன்ற வாசகங்கள் சாதாரணமாகக் காணப்படுகின்றன. பாறை உண்மையிலேயே கோப்பைக்குள் வருகிறதா? வரவில்லை என்றால், ஒரே ஆற்றங்கரையில் அடுத்தடுத்த இரண்டு சரிவுகளில் விளைந்த ஒயின்கள் ஏன் வேறுவேறாக இருக்கின்றன? இந்தக் கேள்விகளுக்கு ரீஸ்லிங்கை விடப் பொருத்தமான திராட்சை கிடைப்பது அரிது. காரணம் அதன் பூர்வீகத்திலேயே இருக்கிறது.

தாய் தெரியும், தந்தை தெரியாது

ரூசல்ஸ்ஹைம் கணக்குக்குப் பிறகு ரைன், மோசல் ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் ஆவணங்களில் இந்தப் பெயர் வெவ்வேறு எழுத்துகளில் அடிக்கடி வருகிறது. 15ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வோர்ம்ஸ் நகரத்துப் பத்திரங்களிலும் இடம்பெற்றுவிட்டது. இன்று எழுதப்படும் அதே எழுத்துக்கூட்டலில் ‘ரீஸ்லிங்’ என்று 1552இல் அச்சேற்றியவர் ஹீரோனிமஸ் போக். மூலிகைகளையும் செடிகொடிகளையும் நேரில் பார்த்து விவரித்த தாவரவியலாளர் அவர்.

ஆஸ்திரியர்களுக்கும் இதில் ஓர் உரிமைக் கோரிக்கை உண்டு. டானூப் நதிக்கரையில் வாஹாவ் பகுதியில் ரிட்ஸ்லிங் என்ற பெயரில் ஒரு சிற்றோடை ஓடுகிறது. திராட்சையின் பெயர் அதிலிருந்து வந்தது என்பது அந்த ஊர்க்காரர்களின் வாதம். ஆனால் ஓர் இடப்பெயர் இருப்பதனால் அங்கே அந்தக் கொடி இருந்தது என்று ஆகிவிடாது. கொடியையே குறிக்கும் பழைய பதிவுகள் ரைன் பள்ளத்தாக்கில்தான் அடர்த்தியாகக் கிடைக்கின்றன. ஆகவே நடு ரைன் பகுதியே இதன் தாயகம் என்று கொள்வதுதான் நியாயம்.

ஆவணங்களால் சொல்ல முடியாததை மரபணு ஆய்வு சொன்னது. ஆஸ்திரியாவின் க்ளோஸ்டர்நாய்பர்க் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஃபெர்டினாண்ட் ரெக்னரும் அவருடைய குழுவினரும் 1998இல் ரீஸ்லிங்கின் வம்சாவளியை ஆராய்ந்தார்கள். பெற்றோரில் ஒன்று ஹாய்னிஷ் என்று தெரியவந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கூவே பிளாங் என்று அழைக்கும் திராட்சை அது. மற்றொன்று ட்ராமினர் வகைக்கும் காட்டுத் திராட்சைக்கும் பிறந்த கலப்பாக இருக்க வேண்டும் என்று அவர்கள் கணித்தார்கள். அந்த இரண்டாவது கொடி இன்றுவரை கையில் கிடைக்கவில்லை. ஹாய்னிஷின் உறவு மட்டும் ஐயத்துக்கு இடமில்லாமல் நிலைபெற்றுவிட்டது.

இந்த ஹாய்னிஷின் கதை தனிக் கவனத்துக்கு உரியது. இடைக்கால ஐரோப்பாவில் இது குடியானவர்களின் திராட்சை. காய்ப்பு அதிகம், புளிப்பு அதிகம், மணம் குறைவு. உயர்குடியினர் இதை இழிவாகவே பார்த்தார்கள்; பிரான்சின் சில பகுதிகளில் இதை நடக்கூடாது என்று தடைகூட விதித்தார்கள். 1999இல் வெளியான மற்றொரு மரபணு ஆய்வு, ஷார்டொனேயும் காமேயும் அலிகோட்டேயும் பீனோவுக்கும் இந்த ஹாய்னிஷுக்கும் பிறந்தவை என்று காட்டியது. ஹங்கேரியின் புகழ்பெற்ற ஃபுர்மின்டுக்கும் ஹாய்னிஷ் பெற்றோர்தான். வடக்கு ஐரோப்பாவின் சிறந்த வெள்ளைத் திராட்சைகளில் பலவற்றுக்குத் தாய்வீடு, அன்றைய மேட்டுக்குடிகள் ஒதுக்கிவைத்த இந்தக் கொடிதான். ரீஸ்லிங்கின் கூர்மையான புளிப்பு அதிலிருந்து வந்த சீதனம் என்றே தோன்றுகிறது.

கணிக்கப்பட்ட மற்றொரு முன்னோடியான காட்டுத் திராட்சை, ரைன் நதியோரக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறிக்கொண்டிருந்த கொடி. காடுகள் அழிந்து, ஆற்றுப்போக்கு மாற்றப்பட்டபின் அது அருகிவிட்டது. ஹைடல்பெர்க்குக்கு அருகே கெட்ஷ் என்ற இடத்தில் நதி வளைத்த நிலப்பகுதியில் மட்டும் ஒரு சிறு கூட்டம் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

திராட்சையை விதைபோட்டு வளர்ப்பதில்லை. குச்சி வெட்டி நடுகிறார்கள். விதையில் முளைக்கும் ஒவ்வொரு கொடியும் புதிய வகையாகிவிடும். அறுநூறு ஆண்டுகளாகக் குச்சிக்குக் குச்சி பரவி வந்ததால், மோசலில் நிற்கும் கொடியும் ஆஸ்திரேலியாவில் நிற்கும் கொடியும் சிறு பிறழ்வுகளைத் தவிர ஒரே தாவரம். ஒரே உயிரை டெவோனியன் காலத்துச் சிலேட்டிலும், பெர்மியன் காலத்துச் செம்பாறையிலும், கிரானைட்டிலும், சுண்ணாம்பிலும் நட்டுப் பல தலைமுறைகளாகக் குறிப்பெடுத்து வந்திருக்கிறோம். நிலம் ஒயினை எப்படி மாற்றுகிறது என்று அறிய யாரும் திட்டமிடாமலே அமைந்த பரிசோதனை இது.

மேட்டுநிலத்தைத் தரம் பிரித்தவர்கள்

ரீஸ்லிங் தாமதமாகத் துளிர்க்கும், தாமதமாகவே பழுக்கும். தாமதத் துளிர்ப்பு வசந்தகாலப் பனியிலிருந்து அதைக் காப்பாற்றுகிறது. அதன் தண்டு கெட்டியானது. கடும் குளிர்காலத்தைத் தாங்கும். ஆனால் பழுப்பதற்கு நீண்ட இலையுதிர்காலம் வேண்டும். முந்தைய நூற்றாண்டுகளின் குளிரில் எல்லா ஆண்டுகளிலும் எல்லா நிலங்களிலும் அது பழுத்துவிடாது. எனவே இதை நடுவதற்குத் துணிச்சலும் பொறுமையும் பணபலமும் தேவைப்பட்டன. மடாலயங்களும் பிரபுக்களும்தான் அதைச் செய்ய முடிந்தது.

ரைன்காவ் பகுதியில் யோகானிஸ்பெர்க் மடாலயம் 1716இல் ஃபுல்டாவின் இளவரச மடாதிபதியிடம் வந்து சேர்ந்தது. 1720இல் தொடங்கி அங்கே சுமார் 2,94,000 கொடிகள் நடப்பட்டன, பெரும்பாலும் ரீஸ்லிங். பல வகைகளைக் கலந்து நடும் வழக்கம் ஓங்கியிருந்த காலத்தில் இப்படி ஒரே வகையை முன்னிறுத்தியது பெரிய மாற்றம். அறுவடைக்கு ஃபுல்டாவிலிருந்து ஆண்டுதோறும் அனுமதி ஓலை வரவேண்டும். 1775இல் ஓலை கொண்டுவந்த குதிரைவீரன் வெகுநாள் தாமதமாக வந்தான். அதற்குள் பழங்களில் சாம்பல் பூஞ்சை படர்ந்து அவை சுருங்கிவிட்டன. வேறு வழியின்றிப் பிழிந்ததில் கிடைத்த ஒயின் எல்லோரையும் வியக்கவைத்தது. தாமத அறுவடை என்ற முறைக்கு ஜெர்மானியர் இந்தச் சம்பவத்தைத்தான் மூலமாகச் சொல்கிறார்கள்.

1787இல் திரியர் பேராயரும் ஆட்சியாளருமான க்ளெமன்ஸ் வென்செஸ்லாஸ், தன் ஆட்சிப்பகுதியில் தரம் குறைந்த கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல வகைகளை நடவேண்டும் என்று ஏழாண்டுக் கெடு விதித்தார். மோசல் பள்ளத்தாக்கு ரீஸ்லிங்கின் நிலமாக மாறியதில் இந்த ஆணைக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த நூற்றாண்டில் அரசுகள் நிலத்தைத் தரம் பிரித்துத் தீர்வை விதிக்கத் தொடங்கின. 1828இல் பவேரிய அரசின் நிலத் தரப்பிரிவில், ஃபால்ஸ் பகுதியின் ஃபோர்ஸ்ட் கிராமத்துக் கிர்ஷன்ஷ்டுக் தோட்டம் உச்ச மதிப்பு பெற்றது. 1868இல் பிரஷ்ய அரசு மோசலுக்கும் அதன் துணையாறான சாருக்கும் வெளியிட்ட ஒயின் வரைபடம், தோட்டங்களைத் தீர்வைத் தரத்துக்கு ஏற்ப வண்ணம் தீட்டிக் காட்டியது. அந்த வரைபடத்தில் அடர்ந்த வண்ணத்தில் இருந்த சரிவுகள் பெரும்பாலும் இன்றும் புகழ்பெற்ற சரிவுகளே. இவற்றை வரைந்தவர்கள் மண்ணியல் படித்துத் தரம் பிரிக்கவில்லை. எந்த நிலத்து ஒயின் பல ஆண்டுகளாக என்ன விலைக்குப் போனது, எவ்வளவு வருமானம் தந்தது என்று பார்த்தார்கள். குளிர்ந்த அந்தக் காலத்தில் நல்ல விலை கிடைத்தது என்றால் அங்கே பழம் தவறாமல் பழுத்தது என்று அர்த்தம். ஆகவே பழைய தீர்வை வரைபடத்தை வெயில் விழும் இடங்களின் வரைபடமாகவே நாம் படிக்க வேண்டும். மண்ணின் பெருமை என்று இன்று சொல்லப்படுவதில் பாதி, அன்று வெயிலின் பெருமையாக இருந்தது.

மோசலின் சிலேட்டு

ரீஸ்லிங் என்றதும் முதலில் பேசப்படும் பாறை மோசலின் சிலேட்டு. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலத்தில், அங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த நுண்சேறு, பின்னர் மலைகள் எழும்பிய காலத்தின் அழுத்தத்தில் இறுகித் தகடு தகடாகப் பிளக்கும் பாறையானது. நம் பள்ளிக்கூடங்களில் குச்சியால் எழுதிய சிலேட்டுப் பலகை இந்த வகைக் கல்தான். கையில் ஒரு சில்லை எடுத்து விரல்களால் அழுத்தினால் ஓரங்கள் உதிரும். இரண்டாகப் பிளந்தால் உள்முகம் வழவழப்பாக, கருநீலச் சாம்பல் நிறத்தில் பளபளக்கும். மழையில் நனைந்தால் கருமை கூடும், வெயில்பட்டால் சீக்கிரம் சுடும்.

மோசலின் சரிவுகளில் மண் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. மேலே பரவிக் கிடக்கும் சில்லுகள், அவற்றின் இடுக்குகளில் கொஞ்சம் பொடி, கீழே பிளவுபட்ட பாறை. வேர் அந்தப் பிளவுகளின் வழியே பல மீட்டர் இறங்கி நீர் தேடுகிறது. மழைநீர் தேங்குவதே இல்லை. வேரைச் சுற்றி ஈரம் நிற்காததால் மண் சீக்கிரம் சூடேறுகிறது. கருங்கல் நிறப் பரப்பு பகலில் வெப்பத்தை வாங்கி மாலையில் வெளிவிடுகிறது. சரிவு தெற்கு நோக்கியிருந்தால், 50 டிகிரி வட அட்சரேகையில் தாழ்வாக வரும் சூரியக் கதிர் ஏறக்குறைய நேராக வந்து விழுகிறது. ஆறு பாம்புபோல் வளைந்து செல்வதால், கரையின் எந்தப் பகுதி தெற்கு நோக்குகிறதோ அங்கே தோட்டம், மற்றதில் காடு என்று நிலம் தானாகவே பிரிந்திருக்கிறது.

ப்ரெம் ஊரில் கால்மோன்ட் என்ற சரிவு ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்று. சில இடங்களில் சாய்வு 60 டிகிரியைத் தாண்டுகிறது. அங்கே டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் மாட்டிய சிறு வண்டிதான் ஆளையும் கூடையையும் ஏற்றுகிறது. கற்களை அடுக்கி எழுப்பிய சுவர்கள் படிப்படியாக நிற்கின்றன. பழைய தோட்டங்களில் ஒவ்வொரு கொடிக்கும் ஒரு தனிக் கம்பு நட்டிருக்கிறார்கள். மழையில் அடித்துச்செல்லப்பட்ட சில்லுகளைக் கூடையில் வாரி மீண்டும் மேலே கொண்டுபோய்க் கொட்டுவது தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை. மண் தேய்ந்த இடங்களில் புதிதாகச் சிலேட்டு வெட்டிப் பரப்பியதும் உண்டு. ‘இயற்கையான மண்’ என்று நாம் வியக்கும் மோசல் சரிவில், மனிதன் சுமந்து போட்ட கல் ஏராளம்.

வேலன் கிராமத்தில் 1842இல் யோடோகுஸ் ப்ரூம் என்பவர், சரிவில் வேலை செய்பவர்கள் நேரம் தெரிந்துகொள்ளப் பாறை முகத்தில் ஒரு சூரியக் கடிகாரம் அமைத்தார். அந்தத் தோட்டத்துக்குச் சூரியக் கடிகாரம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அங்கே சிலேட்டு நீலச் சாம்பல். சில கிலோமீட்டர் தள்ளி ஊர்ட்சிக் கிராமத்தில் நிலம் சிவக்கிறது. அது பிற்காலத்துப் பெர்மியன் செம்பாறை. வேலன் ஒயின் மெல்லியது, ஊர்ட்சிக் ஒயின் காரசாரமானது என்பது அங்கே காலங்காலமாகச் சொல்லப்படும் வேறுபாடு.

சிலேட்டுக்கு வெளியே

சிலேட்டு இல்லாமலும் சிறந்த ரீஸ்லிங் விளைகிறது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ரைன் நதியின் மேற்குக் கரையில் நீர்ஸ்டைன், நாக்கன்ஹைம் ஊர்களை ஒட்டி ‘செஞ்சரிவு’ என்றே பெயர்பெற்ற தோட்டங்கள் உள்ளன. வறண்ட, வெப்பமான பெர்மியன் காலத்தில் படிந்து இரும்பால் சிவந்த களிப்பாறை அது. நாஹே ஆற்றங்கரையில் ரோட்டன்ஃபெல்ஸ் என்ற ரயோலைட் செங்குத்துப் பாறை சுமார் 200 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. அதன் அடிவாரத்தில், பாறையிலிருந்து உதிர்ந்த கற்குவியலின்மேல் ஒரு சிறு தோட்டம். பின்னால் நிற்கும் பாறைச்சுவர் வெப்பத்தைத் திருப்பியடிப்பதால் அங்கே பழம் நன்றாகப் பழுக்கிறது.

ரைன்காவில் மேட்டுச் சரிவுகளில் குவார்ட்சைட்டும் தகட்டுப்பாறையும், கீழே காற்று கொண்டுவந்து படிந்த லோயஸ் வண்டலும். ஃபால்ஸில் மணற்கல், சுண்ணாம்பு, களிமண் எல்லாம் கலந்து கிடக்கின்றன. அங்கே ஃபோர்ஸ்ட் கிராமத்துக்குமேல் அழிந்த எரிமலையின் எச்சமான பசால்ட் குன்று ஒன்று உண்டு. அந்தக் கருங்கல்லை உடைத்துத் தோட்டங்களில் பரப்புவது அவ்வூர் வழக்கம். மண் சூடாக வேண்டும் என்பதே நோக்கம்.

ரைனின் அதே மேற்குக் கரையில், ஃபால்ஸுக்குத் தெற்கே உள்ள அல்சாஸ் இன்னும் பல்வகைப்பட்டது. ரைன் பள்ளத்தாக்கு நிலப்பிளவால் உண்டானது. ஒரு புறம் மலை உயர, மறுபுறம் தரை இறங்கியபோது பல யுகங்களின் பாறைகள் ஒடிந்து அடுத்தடுத்து வெளிப்பட்டன. அதனால் சில கிலோமீட்டர் நடந்தாலே கிரானைட், சுண்ணாம்பு, மணற்கல் என்று நிலம் மாறிவிடும். அல்சாஸின் 51 உயர்தரத் தோட்டங்களில் முதலில், 1975இல், அந்த நிலையைப் பெற்ற ஷ்லோஸ்பெர்க் கிரானைட் நிலம். ஹூனாவிர் கிராமத்தில் ரோசாக்கர் சுண்ணாம்பு நிலம். ட்ரிம்பாக் குடும்பத்தின் க்ளோ சென்ட் ஊன் என்ற புகழ்பெற்ற ரீஸ்லிங் அங்கே விளைகிறது. தெற்குக் கோடியில் தான் என்ற ஊரின் ராங்கன் சரிவு எரிமலைப் படிவு. மேற்கே வோஷ் மலைத்தொடர் மழையைத் தடுத்துவிடுவதால், பிரான்சிலேயே மழை குறைந்த நகரங்களில் ஒன்றாக இருக்கிறது கோல்மார். எனவே அல்சாஸ் ரீஸ்லிங் பெரும்பாலும் சர்க்கரை மிச்சமில்லாமல் முழுக்க நொதித்து, மோசலை விடக் கனமாக வருகிறது.

வாஹாவில் ஆஸ்திரியர்கள் இரண்டு திராட்சைகளை நிலம் பார்த்துப் பிரித்து நடுகிறார்கள். நீர் பிடித்துவைக்கும் லோயஸில் க்ரூனர் வெல்ட்லினர். மேலே நைஸ் பாறைப் படிகளில் ரீஸ்லிங். க்ரூனருக்கு ஈரம் வேண்டும். ரீஸ்லிங் வறட்சியைச் சற்றுத் தாங்கும். இதுதான் அங்குள்ள பிரிவினையின் அடிப்படை.

ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில், போலிஷ் ஹில் பகுதி சிலேட்டு கலந்த கெட்டி நிலம், வாட்டர்வேல் பகுதி சுண்ணாம்பின்மேல் செம்மண். கிராசெட் நிறுவனம் இரண்டு இடத்து ரீஸ்லிங்கையும் தனித்தனிப் புட்டிகளாக வெளியிடுகிறது. முதலாவது இறுக்கமானது, மெல்ல விரியும்; இரண்டாவது இளமையிலேயே பழச்சுவை காட்டும். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஃபிங்கர் ஏரிகளின் கரையில், குளிரைக் காரணம் காட்டி ஐரோப்பியத் திராட்சை வளராது என்று சொல்லிவந்தார்கள். உக்ரைனிலிருந்து வந்த கான்ஸ்டான்டின் ஃபிராங்க் பொருத்தமான வேர்க்கட்டைகளில் ஒட்டுக்கட்டி, 1962இல் தன் நிறுவனத்தைத் தொடங்கி, அது முடியும் என்று நிரூபித்தார். அங்கே பாறையைவிட ஆழமான ஏரிதான் முக்கியம். குளிர்காலத்தில் அது வெதுவெதுப்பை வைத்திருந்து கொடிகளைக் காக்கிறது.

கல் கோப்பைக்குள் வருகிறதா?

இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டவர்களில் முதன்மையானவர், வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்து நிலவியலாளர் அலெக்ஸ் மால்ட்மன். அவருடைய வாதம் எளிமையானது. பாறையில் உள்ள கனிமங்கள் நீரில் அநேகமாகக் கரையாதவை. அவற்றுக்குச் சுவையோ மணமோ கிடையாது. வேர் உறிஞ்சுவது பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் போன்ற கரைந்த சத்துகளை. அவை எந்தப் பாறையிலிருந்து வந்தாலும் ஒன்றே. ஒரு லிட்டர் ஒயினில் இப்படிப்பட்ட கனிமச் சத்து சில கிராமுக்கு மேல் இருப்பதில்லை, அதிலும் பெரும்பங்கு பொட்டாசியம். சிலேட்டு ஒயினில் சிலேட்டு இல்லை.

அப்படியானால் ரசிகர்கள் உணரும் ‘கல்மணம்’ என்ன? அதற்குப் பல மூலங்கள் உண்டு. ஒன்று, உயர்ந்த புளிப்பும் அடங்கிய பழமணமும் சேர்ந்தால் நாக்கு அதைக் கடினமாகவும் கூர்மையாகவும் உணர்கிறது. இரண்டு, நொதித்தலின்போது உண்டாகும் சில கந்தகச் சேர்மங்கள், தீக்கல்லை உரசினாற்போன்ற வாசம் தருகின்றன. மூன்று, மழை விழுந்த மண்ணின் வாசனையைக் கல்லின் வாசனை என்று நினைப்பது. அந்த வாசனை கல்லின் பரப்பில் படிந்த தாவர எண்ணெய்களிலிருந்தும் மண்ணின் நுண்ணுயிர்களிலிருந்தும் வருகிறது என்பதை ஆஸ்திரேலிய வேதியியலாளர்கள் இசபெல் ஜாய் பேரும் ரிச்சர்ட் தாமஸும் 1964இல் விளக்கத் தொடங்கினார்கள்.

ரீஸ்லிங்கில் புகழ்பெற்ற மண்ணெண்ணெய் வாசமும் இதே பாடத்தைச் சொல்கிறது. சிலர் அதைச் சிலேட்டின் கையொப்பம் என்கிறார்கள். உண்மையில் அது டிடிஎன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு சேர்மம். பழத்தோலில் உள்ள கரோட்டினாய்டுகள் சிதைவதிலிருந்து அது பிறக்கிறது. குலைமேல் நேர் வெயில் பட்டால் அதிகமாகும், புட்டியில் ஆண்டுகள் கூடக் கூடும். அதனால்தான் வெயில் மிகுந்த ஆஸ்திரேலியாவின் ரீஸ்லிங்கில், சுண்ணாம்பு நிலமானாலும், அது இளமையிலேயே எட்டிப் பார்க்கிறது.

இதைக் கேட்டுவிட்டு ‘அப்படியானால் நிலம் ஒன்றுமே இல்லை’ என்று முடிவுகட்டுவதும் தவறு. நிலம் வேறு வழிகளில் வேலை செய்கிறது. முதல் வழி நீர். மேலோட்டமான கல்நிலத்தில் கொடிக்கு நீர் அளவாகவே கிடைக்கும். இலை குறையும், பழம் சிறுக்கும், சாறு செறியும். ஆழமான வண்டலில் கொடி தழைத்து, பழம் பெருத்து, சுவை நீர்க்கும். இரண்டாவது வழி வெப்பம். கல்லின் நிறம், ஈரம், சரிவின் கோணம் மூன்றும் சேர்ந்து பழம் எந்த வாரத்தில், எவ்வளவு குளிர்ந்த இரவுகளில் பழுக்கிறது என்பதைத் தீர்மானிக்கின்றன. மூன்றாவது வழி சத்து. மண்ணில் பொட்டாசியம் மிகுந்தால் புளிப்பு தணியும். தழைச்சத்து குறைந்தால் ஈஸ்டின் போக்கு மாறி மணமும் மாறும். இந்த வழிகள் ஒவ்வொன்றையும் அளந்து பார்க்க முடியும். அவற்றின் மொத்த விளைவே வேலனையும் ஊர்ட்சிக்கையும் வேறுபடுத்துகிறது.

ரீஸ்லிங்கில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. புளிப்பு மிகுந்த திராட்சை இது. இயல்பான மணமும் உண்டு. பெரும்பாலான ஒயின்காரர்கள் இதைப் புதிய ஓக் பீப்பாயில் ஊறவைப்பதில்லை. பழைய பெரிய மரத்தொட்டியோ எஃகுக் கலனோ போதும். பீப்பாயின் வனிலா மணம் மேலே படியாததால், விளைந்த நிலமும் ஆண்டும் நாவில் தெரிகின்றன.

மனிதக் கையும் மாறும் வானமும்

ரீஸ்லிங்கின் வரலாற்றில் மண் மாறாமலே தரம் சரிந்த காலமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் சிறந்த ரைன் ஒயின்கள் போர்டோவின் உயர்ந்த ஒயின்களுக்கு இணையான விலைக்கு விற்றன. பிறகு அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்செரா என்ற வேர்ப்பேன் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. அமெரிக்க வேர்க்கட்டையில் ஒட்டுக்கட்டுவது தவிர்க்க முடியாததாயிற்று. மோசலின் சில சிலேட்டுச் சரிவுகளில் மட்டும் அந்தப் பேன் பரவ வசதியான மண் இல்லாததால், ஒட்டுக்கட்டாத பழங்கொடிகள் இன்றும் நிற்கின்றன.

ஹெர்மன் முல்லர் 1882இல் கைசன்ஹைமில் உருவாக்கிய முல்லர்-துர்காவ் சீக்கிரம் பழுக்கும், அதிகம் காய்க்கும். அது சமவெளிகளில் பரவி, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியில் ரீஸ்லிங்கையே பரப்பளவில் முந்தியது. 1971ஆம் ஆண்டின் ஒயின் சட்டம், சிறந்த சரிவின் பெயரைச் சுற்றுப்புறச் சாதாரண நிலங்களுக்கும் நீட்டித்தது. மலிவான இனிப்பு ஒயின்கள் அந்தப் பெயர்களோடு உலகச் சந்தையை நிறைத்தன. பாறை அங்கேயேதான் இருந்தது. நடுபவர்களின் தேர்வும் சட்டமும் கெட்டதால் பெயர் கெட்டது. பின்னர் விளைச்சலைக் குறைத்து, சரிவுகளுக்குத் திரும்பியவர்களால்தான் ரீஸ்லிங் மீண்டும் முதலிடம் பிடித்தது. இன்று ஜெர்மனியில் அது சுமார் 24,000 ஹெக்டேரில் நிற்கிறது. உலகில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை.

அடுத்த சோதனை வெப்பமயமாதல். முன்பு அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் நடந்த அறுவடை, இப்போது செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. பனியில் உறைந்த பழத்திலிருந்து எடுக்கும் ஐஸ் ஒயினுக்கு மைனஸ் 7 டிகிரிக் குளிர் வேண்டும். 2019ஆம் ஆண்டு விளைச்சலில், ஜெர்மனியின் 13 ஒயின் பகுதிகளில் ஒன்றில்கூட அந்தக் குளிர் போதிய அளவு வரவில்லை. ஐஸ் ஒயின் இல்லாத ஆண்டாக அது பதிவானது. 2003, 2018, 2022 போன்ற வறண்ட கோடைகளில், நீர் வடிந்தோடும் சிலேட்டுச் சரிவுகளில் இளங்கொடிகள் வாடின. ஒரு காலத்தில் பழுக்கவைத்ததற்காகக் கொண்டாடப்பட்ட வெப்பமும் வடிகாலும் இன்று சுமையாகின்றன. முன்பு அதிகக் குளிர் என்று ஒதுக்கப்பட்ட சார், ரூவர் பக்கப் பள்ளத்தாக்குகளும் மேட்டு நிலங்களும் இன்று மதிப்புப் பெறுகின்றன. ‘சிறந்த மண்’ எது என்பதற்கான விடை, வானிலை மாறும்போது தானும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முடிவு

ரீஸ்லிங்கின் தாய், குடியானவர்கள் நட்ட ஹாய்னிஷ். தாயகம், பெரும்பாலும் நடு ரைன் பள்ளத்தாக்கு. பாறை ஒயினுக்குள் கரைந்து சுவையாவதில்லை. நீர், வெப்பம், சத்து ஆகியவற்றின் வழியாகப் பழம் பழுக்கும் விதத்தை அது மாற்றுகிறது. அந்த மாற்றத்தை இந்தத் திராட்சை மறைக்காமல் காட்டுகிறது. பாறை கரைவதில்லை என்பதையும் அது பழத்தை மாற்றுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை முழுமையாகும். ‘சிலேட்டின் சுவை’ என்று புட்டியில் எழுதுபவர்கள், அந்தச் சிலேட்டைச் சுமந்து ஏற்றியவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏனெனில் ஆபத்து இப்போது பாறைக்கு இல்லை, உழைப்புக்குத்தான். செங்குத்துச் சரிவில் வேலை செய்யச் சமவெளியை விடப் பல மடங்கு ஆள்நேரம் பிடிக்கிறது. ஒயினின் விலை அந்த உழைப்புக்கு ஈடு கட்டுவதில்லை. 1990களின் தொடக்கத்தில் 12,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த மோசல் தோட்டங்கள் இன்று 9,000 ஹெக்டேருக்கும் கீழே சுருங்கிவிட்டன. கைவிடப்பட்ட சரிவில் சில ஆண்டுகளிலேயே புதர் மண்டும், கல்சுவர் சரியும். 40 கோடி ஆண்டு பழைய பாறை அங்கேயே இருந்தாலும், அதில் கொடி நட ஆளில்லாவிட்டால் அந்த ஒயின் கிடையாது. அந்தச் சரிவுகளின் பெயரைச் சொல்லி விற்பவர்களும் வாங்கிச் சுவைப்பவர்களும் அங்கே உழைப்பவர்களுக்கு உரிய விலையைக் கொடுக்க வேண்டும். ரீஸ்லிங்கின் நிலத்தைக் காப்பாற்ற வேறு வழி இல்லை.